எல்டன் ரிங், செகிரோ, விட்சர் 3: வீட்டுக் கம்ப்யூட்டரில் வாள் சண்டைக்கு எது சரி?

வாள், மந்திரம், பூதம் எல்லாம் உள்ள ஒரு சண்டை கேம் வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் இப்போது முதலில் வரும் பதில் எல்டன் ரிங்தான். தப்பான பதில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, கன்ட்ரோலர் இருக்கிறதா, ஆடிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போக வேண்டியிருக்குமா என்று எதுவுமே விசாரிக்காமல் சொல்கிற பதில் அது. இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொல்வதானால் பலருக்கு செகிரோ பொருந்தும், சிலருக்கு விட்சர் 3 பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் செகிரோ. ஒரு பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்ற ஆசை என்றால் எல்டன் ரிங். கதையும் மனிதர்களும் வேண்டும் என்றால் விட்சர் 3. மூன்றும் தரத்தில் குறைந்தவை இல்லை. 2015-இல் விட்சர் 3, 2019-இல் செகிரோ, 2022-இல் எல்டன் ரிங் என்று மூன்றுமே தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியவை. செகிரோவும் எல்டன் ரிங்கும் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடேடகா மியாசாகி தலைமையில் உருவானவை. விட்சர் 3 போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. ஒரே கம்பெனியின் இரண்டு கேம்கள் இருப்பதால், அவை ஒன்றுபோல இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆடிப் பார்த்தால் எல்டன் ரிங்கும் செகிரோவும் எதிரெதிர்த் திசையில் நிற்பது தெரியும்.

தோற்ற பிறகு என்ன?

இந்த வகை கேமில் தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள். அதனால் நான் முதலில் பார்ப்பது, தோற்றவனிடம் கேம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைத்தான்.

எல்டன் ரிங்கில் ஆரம்பக் குகையை விட்டு வெளியே வந்ததும், தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் பாதையில் ரோந்து சுற்றிக்கொண்டிருப்பான். ட்ரீ சென்டினல் என்று பெயர். முதல் எதிரிதானே என்று போய் நின்றால் ஓரிரு அடியில் கதை முடிந்துவிடும். அவனை அப்போதே ஜெயிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுற்றிக்கொண்டு போகலாம், டாரன்ட் என்கிற குதிரை கிடைத்த பிறகு திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். மொத்த கேமும் இந்தக் குணத்தில்தான் ஓடுகிறது.

அடுத்து ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் மார்கிட் என்கிற பெரிய எதிரி நிற்பான். தடியை மேலே தூக்குவான், தூக்கியபடியே நிற்பான். தடி உயர்ந்ததைப் பார்த்த பதற்றத்தில், அடியிலிருந்து தப்ப நீங்கள் தரையில் உருள்வீர்கள். உருண்டு எழும் சரியான நொடியில் தடி தலையில் இறங்கும். இதற்கு முன் வந்த கேம்களில் பழகிய கைக்கு இது பெரிய அதிர்ச்சி. தூக்குவதைப் பார்த்து உருளக் கூடாது, இறங்குவதைப் பார்த்து உருள வேண்டும். இதைப் பழகுவது ஒரு வழி. இன்னொரு வழி, தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய் ஆயுதத்தை மேம்படுத்தி, உயிர்ப் பட்டையைக் கூட்டும் விகர் லெவலை ஏற்றிக்கொண்டு, துணைக்கு மூன்று ஓநாய் ஆவிகளையும் கூட்டிக்கொண்டு வருவது. மர்க்வாட்டர் குகையில் இருக்கும் பேட்ச்சஸ் என்பவன் 5,000 ரூனுக்கு (ரூன் என்பது இந்த கேமின் காசு) ஒரு சங்கிலி விற்பான். அதைப் பயன்படுத்தினால் மார்கிட் சில நொடி தரையோடு கட்டுண்டு கிடப்பான். இதெல்லாம் வேண்டாம் என்றால் கோட்டைக்குப் பக்கத்து மலைவிளிம்பு வழியாக மார்கிட்டைச் சந்திக்காமலே அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஒரே தடைக்கு இத்தனை வழி தருவதுதான் எல்டன் ரிங்கின் பெரிய பலம். தூரத்தில் நின்று மந்திரம் வீசுகிற அஸ்ட்ராலஜராக ஆரம்பித்தால் முதல் சில மணி நேரம் இன்னும் இலகுவாகப் போகும்.

செகிரோவில் இந்தத் தப்பிக்கும் வழிகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஆயுதத்தை மாற்ற முடியாது, கடைசி வரைக்கும் அதே ஒரு கட்டானாதான், அதாவது ஜப்பானிய வாள்தான். இடது கையில் பொருத்தும் கருவிகள் கொஞ்சம் உதவும், அவ்வளவே. கேமின் பெரும்பகுதியில் அடியின் வலு பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகளை வென்றால்தான் ஏறும். துணைக்கு ஆள் கூப்பிட முடியாது. அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்கிற பாஸிடம் தோற்றால், கெனிச்சிரோவிடமே திரும்பிப் போக வேண்டும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாறியிருக்கக்கூடியது உங்கள் கை மட்டும்தான்.

கேட்கக் கொடுமையாகத் தெரியலாம். ஆனால் இதனால்தான் செகிரோவின் சண்டை மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. ஆடுபவர் எல்லோரிடமும் ஒரே வாள், ஏறக்குறைய ஒரே பலம் என்பதால் ஒவ்வொரு எதிரியையும் அந்த அளவுக்குச் செதுக்க முடிந்திருக்கிறது. இங்கே உயிர்ப் பட்டையைவிட முக்கியமானது போஸ்ச்சர் பட்டை, அதாவது எதிரி நிலைகுலையாமல் நிற்கும் திறன். எதிரியின் வாள் உங்கள் மேல் படும் கணத்தில் சரியாகத் தடுத்தால் கூர்மையான ஒரு உலோகச் சத்தம் வரும், ஆரஞ்சு நிறத்தில் பொறி பறக்கும். கொஞ்சம் முந்திப் பிடித்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். கண்ணைவிடக் காது சீக்கிரம் பழகிவிடும்.

பயந்தால் பின்வாங்குவது எல்லோருக்கும் இயல்பு. செகிரோவில் பின்வாங்கி நின்றால் கெனிச்சிரோவின் போஸ்ச்சர் மறுபடி சரியாகிவிடும், அதுவரை பட்ட பாடு வீண். ஆகவே ஒட்டியே நிற்க வேண்டும். அவன் உயிர் குறையக் குறைய போஸ்ச்சர் மீள்வதும் மெதுவாகும். எனவே முதலில் நாலு வெட்டாவது உடம்பில் விழ வைத்துவிட்டு அப்புறம் தடுப்பாட்டத்துக்கு வருவது நல்லது. சிவப்பில் ஆபத்து எழுத்து மின்னும்போது தடுக்கக் கூடாது. நேராகக் குத்தினால் முன்னே பாய்ந்து வாளை மிதிக்க வேண்டும், கீழே வீசினால் குதிக்க வேண்டும், பிடிக்க வந்தால் விலக வேண்டும். கடைசிக் கட்டத்தில் கெனிச்சிரோ மின்னலை வாளில் ஏற்றி அடிப்பான். நீங்கள் குதித்து, அந்த மின்னலைக் காற்றிலேயே வாங்கி, தரையைத் தொடுவதற்குள் அவன் மேலேயே திருப்பி வீசலாம். அது முதல் தடவை கைகூடும்போது கிடைக்கிற சந்தோஷம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சாவுக்குத் தண்டனையும் உண்டு. கையிலிருக்கும் காசில் பாதியும், அடுத்த திறன் புள்ளிக்காகச் சேர்ந்த அனுபவத்தில் பாதியும் போய்விடும். எல்டன் ரிங்கில் விட்ட இடத்துக்குப் போய் ரூன்களை எடுத்துக்கொள்ளலாம். செகிரோவில் போனது போனதுதான். ஆனால் முழுதாகச் சேர்த்து முடித்த திறன் புள்ளி போகாது. அதனால் பெரிய சண்டைக்கு முன் புள்ளியை நிறைவாக்கிக்கொண்டு போவது நல்லது.

விட்சர் 3-இன் விஷயத்தை நேராகவே சொல்கிறேன்: மூன்றில் வாள் சண்டை சுமார் இதில்தான். கிளிக் செய்தால் நாயகன் கெரால்ட் சுழன்று வெட்டுவானா, ஒரு எட்டு வைத்து வெட்டுவானா என்பதை எதிரி நிற்கும் தூரத்தைப் பார்த்து கேமே முடிவு செய்கிறது. பார்க்க அழகு, ஆனால் கை நம் வசம் இல்லாத உணர்வு வரும். அதன் உண்மையான சுவாரசியம் சண்டைக்கு முந்தைய வேலையில் இருக்கிறது. ஆரம்பப் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டில் வரும் கிரிஃபின் என்கிற பறக்கும் பூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கே கூடு கட்டியது, ஏன் ஊர்க்காரர்களைத் தாக்குகிறது என்று விசாரித்து, ஆற்றடியில் முளைக்கும் ஒரு மூலிகையை முங்கிப் பறித்து வந்து, அதை வைத்து கிரிஃபினை வரவழைக்க வேண்டும். எந்த எண்ணெயை வாளில் பூசுவது, எந்த மந்திரத்துக்கு அது அடங்கும் என்று குறிப்பேட்டில் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. நான்கு கடின நிலைகளில் கீழே உள்ள இரண்டில் ஆடினால் இந்தத் தயாரிப்பு எதற்கும் அவசியம் இருக்காது, சும்மா வெட்டிக்கொண்டே போகலாம். மூன்றாவது நிலையில் ஆடுங்கள். எண்ணெயும் கஷாயமும் அப்போதுதான் அர்த்தப்படும்.

சண்டையே பிடிக்காதவருக்கும் முதல் நிலையில் முழுக் கதையையும் விட்சர் 3 தந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் கடின நிலையைத் தேர்வு செய்யும் வசதியே கிடையாது.

கீபோர்டா, கன்ட்ரோலரா?

கன்ட்ரோலர் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்கவும். எல்டன் ரிங்கில் ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம், தட்டி விட்டால் உருளல். நீங்கள் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று தெரிய, விரலை எடுக்கும் வரை கேம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உருளல் நடப்பது பட்டனை அழுத்தும்போது இல்லை, விடும்போது. கீபோர்டில் ஸ்பேஸ் பாரைப் பதற்றத்தில் கொஞ்சம் அதிக நேரம் அமுக்கிவிட்டால் அடி வாங்குவீர்கள். தட்டித் தட்டி விடப் பழக வேண்டும். இதோடு சில வேலைகளுக்கு இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்த வேண்டியும் இருக்கிறது. முடியாதது இல்லை, ஆனால் இந்த கேமுக்குக் கன்ட்ரோலரே வசதி.

செகிரோவில் விலகல் அழுத்திய உடனே நடக்கிறது. இடது கிளிக் வெட்டு, வலது கிளிக் தடுப்பு. சண்டையின் முக்கால் பங்கு இந்த இரண்டு விரல்களிலேயே முடிந்துவிடுவதால், கன்ட்ரோலர் வாங்காமல் மவுஸிலேயே நிம்மதியாக ஆடலாம். ஜப்பான் கேம் என்றாலே கீபோர்டுக்கு ஆகாது என்கிற பேச்சு செகிரோவுக்குப் பொருந்தாது. விட்சர் 3-உம் மவுஸில் நன்றாகவே ஓடும். சிறு விலகலுக்கு ஆல்ட், பெரிய உருளலுக்கு ஸ்பேஸ் என்று இரண்டும் தனித்தனி கீகளில் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் தாங்குமா?

எல்டன் ரிங் கேட்கும் குறைந்தபட்ச ராமே 12 ஜிபி. கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580, டிஸ்க்கில் 60 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் இதை முயல வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டரில் வெளிவந்த புதிதில் இது திணறித் திணறி ஓடியது, பேட்ச்சுகளில் சரியாகி வந்தது. எஸ்எஸ்டி கட்டாயம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் சாகும்போதெல்லாம் லோடிங் திரை வரும் கேமில் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும்.

செகிரோவுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 760, 25 ஜிபி இடம். 8 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 970-உம் இருந்தால் பரிந்துரைத்த அளவே வந்துவிடும். மூன்றில் பழைய கம்ப்யூட்டருக்கு மிகவும் இணக்கமானது இதுதான். தடுப்பு நொடியின் சிறு பங்குக்குள் நடப்பதால் படம் அழகாக இருப்பதைவிடச் சீராக ஓடுவதே முக்கியம். நிழல், ஒளி எல்லாவற்றையும் குறைத்தாவது 60 எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு 60 படங்களை, தொட்டுவிடுங்கள். செகிரோவும் எல்டன் ரிங்கும் 60-க்கு மேல் போகாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு இது ஒரு குறை. விட்சர் 3-இல் அந்தத் தடை இல்லை.

விட்சர் 3-க்கு 2022 டிசம்பரில் புதிய கிராபிக்ஸ் அப்டேட் வந்தது. பழைய கார்டு என்றால், கேம் தொடங்கும் முன் வரும் லாஞ்சர் திரையில் டைரக்ட்எக்ஸ் 12-ஐ விட்டு 11-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும், நிலைமை தலைகீழாக மாறும்.

நடுவில் எழுந்தால்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் ஆடுபவருக்கு மிகத் தேவையான விஷயம். எல்டன் ரிங்கில் மெனுவைத் திறந்தாலும் உலகம் நிற்காது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஆடினாலும் அப்படித்தான். அம்மா கூப்பிட்டாலும் வாசலில் பெல் அடித்தாலும் எதிரி வெட்டிக்கொண்டே இருப்பான். செகிரோவும் விட்சர் 3-உம் மெனுவைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் செகிரோவைச் சொல்வேன்.

கரண்ட் போகும் ஊர்களில் இன்னொன்று. எல்டன் ரிங், செகிரோ இரண்டும் தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்ளும். விட்சர் 3-இல் தானியங்கிச் சேமிப்பு உண்டு என்றாலும் இடைவெளி பெரிது, சண்டை இல்லாத நேரத்தில் நீங்களாகவும் சேமித்துக்கொள்வது நல்லது.

நண்பர்களோடு சேர்ந்து ஆட எல்டன் ரிங் ஒன்றுதான் வழி. மற்ற இரண்டும் தனியாள் கேம்கள். மொழியைப் பொறுத்தவரை மூன்றிலும் தமிழ் கிடையாது. விட்சர் 3-இல் உரையாடல் ஏராளம், ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அது சுமை. எல்டன் ரிங் தன் கதையைப் பொருள்களின் குறிப்புகளில் ஒளித்து வைத்திருக்கிறது. செகிரோவில் படிக்க வேண்டியது ஒப்பீட்டளவில் குறைவு, ஜப்பானியக் குரலோடு ஆடினால் அந்தச் சூழல் இன்னும் நன்றாக ஒட்டும்.

வாங்கும் முன் ஒரு யோசனை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை வீணாக்காதீர்கள். எல்டன் ரிங்கில் ஆரம்பக் குகை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓரளவு ஓடிவிடும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெளியே லிம்கிரேவ் வெளியில் கொஞ்ச தூரம் சுற்றிப் பாருங்கள், திணறல் அங்கேதான் தெரியும். செகிரோவில் அஷினா எல்லைப் புறத்தில் முதலில் வரும் தளபதி நவோமோரி கவராடாவோடு மோதிப் பாருங்கள், அந்த உலோகச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்கடுத்து வரும் சங்கிலி பூதத்தை வைத்து எடை போட வேண்டாம். அது தடுப்பாட்டத்துக்கே ஒத்துவராத எதிரி, பலர் அங்கேதான் மனம் வெறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுகிறார்கள்.