எஸ்டேட் ஏலத்தில் டிஸ்னி சேகரிப்பு: டிக்கெட்டுக்குச் சரி, செல்லுக்கு உஷார்

அமெரிக்காவில் ஒருவர் காலமானால், வீட்டில் உள்ளதை வாரிசுகள் மொத்தமாக ஏலக்காரரிடம் ஒப்படைப்பதுண்டு; இதுதான் எஸ்டேட் ஏலம். கட்டில், கடிகாரம், பீங்கான் என்று நீளும் பட்டியலின் நடுவே டிஸ்னிலேண்ட் பூங்காவின் டிக்கெட் புத்தகமும் அனிமேஷன் செல்லும் (கார்ட்டூன் படத்துக்காக உருவங்களைத் தீட்டிய ஒளிபுகும் ஷீட்) தலைகாட்டும். ஹெரிடேஜ், வேன் ஈட்டன் போன்ற சேகரிப்புப் பொருள் ஏல நிறுவனங்களில் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும். எஸ்டேட் ஏலத்தில் குறிப்பு எழுதுபவருக்குப் பெரும்பாலும் கட்டிலைப் பற்றித்தான் தெரியும். அதனால் மலிவாகவும் அமையும், ஏமாறவும் நேரும்.

டிக்கெட், வரைபடம், பழைய கையேடு வாங்க எஸ்டேட் ஏலத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒரு பெட்டியை அப்படியே ஒரே லாட்டாக, அதாவது ஒரே விலைக்கு ஏலம் போகும் தொகுப்பாக, போட்டுவிடுவார்கள். குறிப்பில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். பூங்கா திறந்தது 1955 ஜூலை 17. சிறந்த சவாரிகளுக்கான ‘இ’ டிக்கெட் வந்ததோ 1959இல். ‘1955ஆம் ஆண்டு இ டிக்கெட்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலின் மற்ற ஆண்டுகளையும் சந்தேகியுங்கள். சவாரிகளுக்கான பழைய போஸ்டர்கள் சில்க் ஸ்கிரீனில் அச்சானவை, சுமார் 36க்கு 54 அங்குலம். லென்ஸில் பார்த்தால் நிறம் சீராகப் படிந்திருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பின்னாளைய மறு அச்சு.

செல் விஷயம் வேறு. ‘ஒரிஜினல் செல்’ என்ற பெயரில் படத்துக்கே வரைந்தது, விற்பனைக்கென்று கையால் தீட்டியது, ஆயிரக்கணக்கில் அச்சடித்த செரிசெல் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். படத்துக்கு வரைந்ததில் பெயின்ட் பின்பக்கம் தூரிகைத் தடத்தோடு, சற்றுத் தடிப்பும் மெலிவுமாக இருக்கும். ஓரத்தில் வரிசை எண் இருக்கலாம். செரிசெல்லில் எல்லா நிறமும் ஒரே தடிமனில் தட்டையாகக் கிடக்கும். பெக் ஓட்டை (வரையும்போது ஷீட் நகராமல் பொருத்த ஓரத்தில் இடும் துளை) இல்லையே என்று மட்டும் ஒதுக்க வேண்டாம்: பூங்காவில் இருந்த ஆர்ட் கார்னர் கடையில் விற்றவையும், டிஸ்னி செல்களை விற்ற கூர்வாசியே கேலரி வழியாகப் போனவையும் பெரும்பாலும் ஓரம் வெட்டப்பட்டவை. ஆர்ட் கார்னரின் தங்க நிற லேபிள் நல்ல சான்றுதான், ஆனால் லேபிளைப் பிய்த்து வேறொன்றில் ஒட்ட முடியும். அந்தக் கடை மூடிப் பல ஆண்டுகள் கழித்து, 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ செல்லில் அந்த லேபிள் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் மூக்கையும் பயன்படுத்துங்கள். செல் ஷீட்டின் பிளாஸ்டிக்கான அசிடேட் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். ஷீட் சுருங்கி நெளியும், பெயின்ட் பாளம் பாளமாக உரியும். இதைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவே. 1930களின் செல்கள் நைட்ரேட் என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை, எளிதில் தீப்பற்றும். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட செல்லைப் பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள், பெயின்ட் கையோடு வந்துவிடும்.

கட்டணம்தான் இந்த ஏலங்களின் பெரிய குறை. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடியும் விலை, 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் ஏலக்காரர் கூடுதலாக வசூலிக்கும் 25 சதவீத பையர்ஸ் பிரீமியம் 100, ஆன்லைன் தளத்துக்கு 3 சதவீதம் என்றால் 12, அதன்மேல் 8 சதவீத விற்பனை வரி ஏறத்தாழ 41, பேக்கிங்கும் அனுப்புவதும் 60. மொத்தம் 613. உங்கள் உச்சவரம்பை இந்தக் கடைசித் தொகையில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். நேரலையில் பொத்தானை அழுத்தும் வேகத்தில் இதெல்லாம் மறந்துபோகும். இருக்கும் நிலையிலேயே விற்பனை, திருப்பி எடுப்பதில்லை என்ற நிபந்தனையும் அநேகமாக எங்கும் உண்டு.

பல ஏலக்காரர்கள் தாமே பேக்கிங் செய்வதில்லை, வெளி ஆளைக் கைகாட்டுவார்கள். அவரிடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்: செல்லைச் சுருட்டக் கூடாது, பபிள் ராப் பெயின்டைத் தொடக் கூடாது, அமிலமற்ற காகிதம் இடையில் வேண்டும், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாகப் போக வேண்டும். கோடைக்காலத்தில் வாங்கினால் வெயிலில் வண்டி நிற்கும் தரைவழிக் கூரியரைத் தவிர்த்து, கூடுதல் காசு கொடுத்தாவது விரைவு சேவையில் வரவழையுங்கள்.