ஊட்டிக் குளிரில் ஐ5-2500கே: செகண்ட் ஹேண்ட் ஓவர்கிளாக் செட் வாங்கலாமா?

இன்டெல் 2011 ஜனவரியில் இறக்கிய கோர் ஐ5-2500கே பிராசஸர், பழைய பார்ட்ஸ் சந்தையில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 4 கோர், 4 த்ரெட், 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7, 95 வாட். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ‘கே’தான் சங்கதி: இதன் மல்டிபிளையருக்கு (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகம் தரும் எண்) பூட்டு கிடையாது. அதைக் கூட்டி, குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். கோயம்புத்தூரிலிருந்து மலையேறி ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்கு வரும் செட்களில் “ஓவர்கிளாக் ஆகும் சார்” என்ற சிபாரிசோடு வருவது பெரும்பாலும் இதுதான். சிப்புக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் 5க்கு 4 தாராளமாகப் போடலாம். ஆனால் சிப்பை மட்டும் யாரும் வாங்குவதில்லையே.

முதலில் மதர்போர்டு. எச்61, பி67 என்பவையெல்லாம் அதிலுள்ள சிப்செட்டின் பெயர்கள். எச்61 போர்டில் ஐ5-2500கே ஓடும், ஓவர்கிளாக் ஆகாது. ‘கே’ சிப்பையும் எச்61 போர்டையும் ஜோடி சேர்த்து விற்பது சகஜம். அப்படி வாங்கினால் ‘கே’வுக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண். பி67, இசட்68, இசட்77, இந்த மூன்றில் ஒன்று வேண்டும். இதில் பி67 என்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது, தனி கார்டு கட்டாயம். அதோடு பி67-இன் முதல் தவணையில் (பி2 ஸ்டெப்பிங், அதாவது சிப்செட்டின் பதிப்பு) டிஸ்க் மாட்டும் 3 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட்கள் நாளடைவில் தேயும் கோளாறு இருந்தது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல்லே அறிவித்து, அடுத்த பதிப்பான பி3-இல் சரிசெய்தது. பி2 போர்டுதான் கையில் சிக்கியது என்றால் சிப்செட்டின் இரண்டு 6 ஜிபிபிஎஸ் போர்ட்களில் மட்டும் டிஸ்க்கை மாட்டிக்கொள்ளுங்கள், அவற்றுக்கு அந்த வியாதி இல்லை. பிராண்டட் ஆபீஸ் மெஷினின் போர்டு இதற்கு ஆகாது.

சிப்பின் தலையில் எஸ்ஆர்008 என்று பொறித்திருக்கும். மேலே பூசிய, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐ5-2400-ஐ மாட்டி ‘ஐ5 செகண்ட் ஜென்’ என்று பொதுவாகச் சொல்லித் தள்ளிவிடுவது உண்டு. அதுவும் மோசமில்லை: இசட்68 போர்டில் 4 கோரும் 3.6 வரை போகும், அதற்கு மேல் பூட்டு.

இனி மலைக்கு வருவோம். “ஊட்டிக் குளிரே போதும், கூலர் எதற்கு?” என்று கேட்பவர்கள் காற்றின் அடர்த்தியை மறந்துவிடுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பருப்புக்கு இங்கே இரண்டு விசில் கூட வைக்கிறோமே, அதே காரணம்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கூலரின் தகட்டுத் துடுப்புகளின் வழியே போகும் காற்றின் எடை குறைவு, அது அள்ளிப்போகும் சூடும் குறைவு. சமவெளியில் அறைச் சூட்டுக்கு மேல் 45 டிகிரி ஏறும் கூலர், இங்கே தோராயமாக 50 ஏறும். ஆனாலும் கணக்கு நமக்குச் சாதகம்தான்: அங்கே அறைச் சூடு 35-உம் ஏற்றம் 45-உம் சேர்ந்து 80, இங்கே 18-உம் 50-உம் 68. இந்த 12 டிகிரிதான் மலை தரும் லாபம். அதை முழுக்க வோல்டேஜில் கரைத்துவிடக் கூடாது. ஜனவரி ராத்திரியில் 5 டிகிரி அறையில் ‘ஸ்டேபிள்’ என்று முடிவு கட்டிய செட்டிங், ஏப்ரல் மத்தியானம் தகரக் கூரைக்கடியில் நீலத்திரை (விண்டோஸ் கிராஷ்) காட்டும்.

இந்தத் தலைமுறையில் சிப்புக்கும் மேல்மூடிக்கும் இடையே சால்டர் (உலோகப் பற்றவைப்பு) இருக்கிறது. அடுத்த வருஷம் வந்த ஐ5-3570கே-யில் வெறும் பேஸ்ட்தான். அதனால் சூட்டை வெளியே இழுப்பதில் பழையதே கெட்டிக்காரன். கூடவே வரும் சின்ன அலுமினிய கூலர் ஓவர்கிளாக்குக்கு ஆகாது. அதன் பிளாஸ்டிக் புஷ்-பின் நான்கில் ஒன்று உடைந்தே இருக்கும். 120 எம்எம் ஃபேன் வைத்த டவர் கூலர் ஒன்று போதும். இந்தச் சிப் உட்காரும் 1155 சாக்கெட்டில் கூலர் ஓட்டைகளின் இடைவெளி 75 எம்எம். 1150, 1151, 1200 சாக்கெட் கூலர்கள் அப்படியே உட்காரும். 775-க்கு 72, 1700-க்கு 78. அவற்றுக்கு மட்டுமான கிளாம்ப் இதில் சேராது.

செட்டிங்குக்கு முன் பயாஸ் (போர்டின் அடிப்படை செட்டிங் மென்பொருள்) பேட்டரியை (சிஆர்2032) மாற்றுங்கள், பழைய போர்டில் அது செத்திருக்கும். பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ரேமில் பிழை இருந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு கிராஷுக்கும் சிப்பின் மேல் பழி விழும். ரேம் 1333-லேயே இருக்கட்டும், வேகமெல்லாம் கடைசியில்.

பிசிஎல்கே (அடிப்படைக் கடிகாரம்) 100-ஐத் தொடாதீர்கள். இந்தத் தலைமுறையில் சாட்டா, கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பிசிஐஇ எல்லாம் அதே கடிகாரத்தில் தொங்குகின்றன. 105 தாண்டினாலே டிஸ்க் காணாமல் போகும். மல்டிபிளையர் மட்டும்தான் நம் பிடி. வோல்டேஜ் 1.25 என்று கையால் போட்டு, மல்டிபிளையரை 40-இல் தொடங்குங்கள். பிரைம்95-இல் (சிப்பை முழு லோடில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை 20 நிமிஷம். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கோர் சூட்டைப் பாருங்கள். தாங்கினால் 41, 42 என்று ஒவ்வொரு படியாக. கிராஷ் ஆனால் 0.01 முதல் 0.02 வோல்ட் கூட்டி அதே படியை மறுபடி. பெரும்பாலான சிப்கள் 1.30 வோல்ட் சுற்றுவட்டத்தில் 4.4 கொடுத்துவிடும். சில 4.2-லேயே முரண்டு பிடிக்கும், அது சிப்பின் தலையெழுத்து. தினசரி உபயோகத்துக்கு 1.35 வோல்ட், 80 டிகிரி என்பதை வாசற்படியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆட்டோ’வில் மட்டும் விடாதீர்கள்: பல போர்டுகள் 4.4-க்கே 1.40-ஐத் தூக்கிக் கொடுத்துவிடும்.

நீலத்திரையின் எண் 101 என்று முடிந்தால் கோர் வோல்டேஜ் போதவில்லை. 124 என்றாலும் முதல் சந்தேகம் அதன் மேல்தான், அடுத்து விடிடி (மெமரி கன்ட்ரோலர் பக்கத்து வோல்டேஜ்). திரை விழாமலே ஈவென்ட் வியூவரில் வீயா (விண்டோஸின் ஹார்டுவேர் பிழைப் பதிவு) எண் 19 சேர்ந்துகொண்டே போனால், அதுவும் ஸ்டேபிள் கிடையாது. எல்லாம் தாங்கிய பிறகு வோல்டேஜை மேனுவலிலிருந்து ஆஃப்செட்டுக்கு (சிப் கேட்பதன் மேல் கூட்டும் முறை) மாற்றி, சி1இ, இஐஎஸ்டி என்ற மின்சிக்கன வசதிகள் இரண்டையும் திறந்துவிட்டால் சும்மா இருக்கும்போது 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். லோட்-லைனை (லோடில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் செட்டிங்) உச்சத்தில் வைக்க வேண்டாம். லோடு விடும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். நடு நிலையே சரி.

4.5-க்கு அலைய வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 3.3-இலிருந்து 4.4 என்றால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வோல்டேஜ் 1.20-இலிருந்து 1.30 போனால், செலவு அதன் வர்க்கத்தில் ஏறி 17 சதவீதம். இரண்டும் பெருகி 95 வாட் சுமார் 150 ஆகிறது. அத்தனையும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் (சிப்புக்கு வோல்டேஜ் தரும் பகுதி) வழியாகத்தான் போகவேண்டும். அங்கே ஹீட்சிங்க் இல்லாத போர்டானால் 4.0-இல் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் விஆர்எம்-க்குக் காற்றே போகாது. மெல்லிய மலைக்காற்றில் இது இன்னும் உறைக்கும். 80 எம்எம் ஃபேன் ஒன்றை மேலே கட்டிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். 450 வாட், 80 பிளஸ் ‘ப்ரான்ஸ்’ (வெண்கலத் தரம்), புதிது. உறைபனிக் காலத்தில் வயதான கெப்பாசிட்டர்களின் உள்தடை ஏறும். காலையில் முதல் தட்டலில் எழாமல் மூன்றாவதில் எழும் மெஷினுக்கு வியாதி பெரும்பாலும் அதுதான், ஓவர்கிளாக் இல்லை. ரூம் ஹீட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே பாயின்ட்டில் மாட்டினால், சாயங்கால லோ வோல்டேஜில் ஹீட்டர் ஆன் ஆகும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். 600 விஏ யுபிஎஸ் என்பது 360 வாட் அளவுதான். சின்ன கிராபிக்ஸ் கார்டு வரைக்கும் சமாளிக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போகும் ஊரில், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது இன்ஷூரன்ஸ்.

மூடுபனியின் ஈரம் ஓடும் மெஷினை ஒன்றும் செய்யாது, சூடு விரட்டிவிடும். வாரக்கணக்கில் அணைத்துப் போட்ட மெஷினில்தான் ரேம் கால்களில் பச்சை பூக்கும். அழிரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் பாதி ‘டெட் போர்டு’ உயிர் பெறும். கரி அடுப்பு மூட்டும் அறையானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடுப்புகளைப் பாருங்கள். புகைப் பிசுக்கில் தூசி ஒட்டினால் பிரஷ்ஷுக்கே வராது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. 2017-இல் வந்த ஐ3-8100, ஓவர்கிளாக் எதுவும் இல்லாமல், 65 வாட்டில், அதே 4 கோரோடு இதைவிட நல்ல வேலை செய்யும். ஏவிஎக்ஸ்2 (புதிய மென்பொருள்கள் கேட்கும் கணக்குக் கட்டளைத் தொகுப்பு) உண்டு, விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். 2500கே-யில் ஏவிஎக்ஸ்2 இல்லாததால் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் போன்றவை நன்றாக ஓடும். வீடியோ எடிட்டிங் என்றால், பயாஸ் அப்டேட் ஆன எச்61-இலேயே 8 த்ரெட் ஐ7-3770 போடுவது லாபம். 2500கே-யை வாங்க ஒரே நியாயம், நல்ல இசட்68 அல்லது இசட்77 போர்டு, டவர் கூலரோடு சேர்த்து, பழைய ஐ3-8100 செட்டைவிடத் தெளிவாகக் குறைந்த விலையில் கிடைப்பது. போர்டைத் தனியாகத் தேடிப் போனால் சிப்பைவிட அதற்கே அதிகம் அழுவீர்கள்.

கடையிலேயே பிரைம்95 ஓட்டிப் பார்த்து வாங்கிய பிறகு, டவர் கூலரைக் கழற்றித் தனியே கட்டிக் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அரைக் கிலோவுக்கு மேல் எடை போர்டில் தொங்கி ஆடினால், சாக்கெட் பின் வளைந்து ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போகும். மேலே வரும்போது ஈரத்துக்குப் பயமில்லை. சர்வீஸுக்காகக் கீழே கொண்டுபோகும்போதுதான், குளிர்ந்த இரும்பில் சமவெளியின் புழுக்கம் பட்டு உள்ளே வியர்க்கும். பெட்டியைத் திறந்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் பவர் கொடுங்கள்.