புது பெயிண்ட் அடித்த ஆக்சிலை நம்பி ஏமாறாதீர்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறீர்களா? டிஃபரன்ஷியலில் (ஆக்சில் நடுவே இருந்து இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) ஆயில் கசிகிறதா? ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

வண்டி கைமாறி வந்தது. முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு ஆக்சில். பின் டிஃபரன்ஷியலில் பினியன் சீல் (என்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றுகிற சின்ன கியரான பினியனின் வாயில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) ஈரமாக இருந்தது, ஒரு பின் சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஆயில் இறங்கியிருந்தது. பிரேக் ஷூவில் கியர் ஆயில் பட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது, பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தள்ளிப்போடுகிற விஷயமில்லை. ஆஃப்ரோடு வண்டிகள்தான் எங்கள் வேலையே என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். “ரெண்டு ஆக்சிலும் முழுசா ரீசீல் பண்ணிடலாம்” என்றார்கள். பில்லில் பினியன் சீல், ஆக்சில் சீல், கவர் கேஸ்கட், புது ஆயில் என்று எல்லாம் இருந்தது. ஆக்சிலில் கறுப்பு பெயிண்ட் பளபளக்க வண்டி திரும்பி வந்தது.

முதலில் சத்தம் ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளையிடும், காலை எடுத்தால் ஊளை மாறும். வீல் பேரிங் சத்தம் பொதுவாக இப்படி மாறாது. மிதிப்பதற்கும் விடுவதற்கும் மாறினால் கிரவுன் (பினியன் சுற்றுகிற பெரிய கியர்), பினியன் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். கேட்டதற்கு, புது ஆயில் செட் ஆக வேண்டும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். ஆயில் மாற்றியதால் இல்லாத ஊளை புதிதாக வராது. அப்புறம் கசிவும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

வேறொரு மெக்கானிக் என் கண் முன்னாலேயே பிரித்தார். ஆக்சிலை உருவினால் உள்ளே அதே பழைய சீல். அதன் ரப்பர் உதடு நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. டிஃப் கவரில் கேஸ்கட்டே இல்லை. பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைப் பிதுக்கியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கியதில் ஒரு துண்டு பிய்ந்து ஆயிலில் கிடந்தது. அது போய் பேரிங்குக்கு ஆயில் வரும் வழியை அடைத்தால் பேரிங் காய்ந்து கருகும். முன் ஆக்சிலைத் தொடவே இல்லை. ஃபில்லர் போல்ட்டின் மேல் படிந்திருந்த பழைய மண்ணோடு சேர்த்து பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்காமல் போனது பிரீதரைப் பார்த்தபோதுதான். வண்டி ஓடினால் ஆக்சில் சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேறுவதற்குத்தான் பிரீதர். அதன் மூடி மேலும் பெயிண்ட் ஏறி, அசையாமல் ஒட்டியிருந்தது. போக வழியில்லாத காற்று சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும், புது சீல் போட்டிருந்தாலும் தள்ளும். தண்ணீரில் இறங்கும்போது ஆபத்து இன்னும் பெரிது. சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைந்து, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிரெயின் செய்யும்போது ஆயில் பால் கலந்த மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் கசிகிற ஆக்சிலில் சீலுக்கு முன்னால் பிரீதரைப் பார்க்க வேண்டும். இதைக்கூடப் பார்க்காதவர்கள் ஆஃப்ரோடு வண்டியில் கை வைக்கவே கூடாது.

உண்மையிலேயே மாற்றியது பினியன் சீலை மட்டும்தான், பெரிய சேதம் அதில்தான். என் வண்டியில் இருப்பதுபோல பல ஆக்சில்களில் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே கிரஷ் ஸ்லீவ் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்குத் தேவையான இறுக்கத்தைக் கொடுக்கும். நசுங்கியது நசுங்கியதுதான், நட்டைத் தளர்த்தினாலும் பழையபடி நீளாது. சீலை மாற்றுபவர் கழற்றும் முன்பே நட்டின் இடத்தை பஞ்ச் மார்க் போட்டு வைத்து, பினியனைச் சுற்ற எவ்வளவு டார்க் (திருகு விசை) தேவை என்று அளந்து, அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். என் வண்டியில் ஒரு மார்க்கும் இல்லை. இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்து நட்டைத் திருகும் மெஷின்) ஒரே அடியாக இறுக்கியிருக்கிறார்கள், ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கி பேரிங் இறுகிவிட்டது. பேரிங் சூட்டில் நீலம் பாரித்து, ரோலர்களில் பொரிந்திருந்தது. டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம். என்னுடையதில் இரும்புச் சில்லுகள் குத்திட்டு நின்றன.

கழற்றிய சீலை எடுத்துக்கொண்டு போய் கேட்டேன். பில்லில் இருப்பதெல்லாம் மாற்றிவிட்டோம் என்பதற்கு மேல் பதில் இல்லை. பணமும் வரவில்லை.

நீங்கள் வண்டியை விடும்போதே, கழற்றுகிற எல்லா சீலும் பழைய பேரிங்கும் என் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பினியன் நட்டை எப்படி இறுக்குவீர்கள் என்று கேளுங்கள். “கன் வச்சு டைட் பண்ணிடுவோம்” என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். வேலை முடிந்ததும் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி ஃபில்லர் போல்ட்டை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும்.