பொம்பெயி: எரிமலை பாஸ், காதல் சுமார்

2014-இல் வந்த 'பொம்பெயி' படத்தை இப்போதுதான் பார்த்தேன். அடிமை வீரன் மைலோவாக கிட் ஹாரிங்டன், பணக்கார வீட்டுப் பெண் காசியாவாக எமிலி பிரவுனிங். ஒரு குதிரையைச் சாக்காக வைத்து அவர்களுக்குச் சட்டென்று காதல் வந்துவிடுகிறது, பார்க்கிற நமக்குத்தான் ஒன்றும் வரவில்லை. ஆனால் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடிக்கிறதே, அங்கிருந்து சாம்பலும் சுனாமியும் சிதறி ஓடும் கூட்டமுமாக, சரி, பார்த்த நேரம் வீணில்லை என்று தோன்றியது. நெருப்பு உருண்டைகள் குண்டு போல விழுவதெல்லாம் சினிமா. நிஜத்தில் பொம்பெயி என்ற அந்த ரோமானிய ஊரை மூடியது நுரைக்கல்லும் சாம்பலும், அப்புறம் கொதிக்கும் வாயு வெள்ளமும். ஊரே எரியும்போது வில்லனான ரோமானிய செனட்டர் காசியாவைத் தேரில் கடத்திக்கொண்டு போவதுதான் சிரிப்பு. மைலோவுக்கும் சக அடிமை வீரன் அட்டிகஸுக்கும் உள்ள நட்பு காதலைவிட நன்றாக இருந்தது.