மதுரையில் கட்டிய பணம் உச்சிப்புளிக்கு வந்து சேரவில்லை

வயதான அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் எங்கள் கடற்கரையில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. உச்சிப்புளியில் எங்கள் வீடும் ஒன்று. நான் சென்னையில், தங்கச்சி மெல்போர்னில்.

அப்பாவுக்கு 76 வயது. போன கார்த்திகையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் 16 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மூக்கில் சாப்பாட்டுக் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க, இல்லைன்னா புண்ணு வந்துடும்" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அம்மாவால் அப்பாவைத் தனியாகப் புரட்ட முடியாது.

மதுரையில் இருக்கும் ஒரு ஹோம் கேர் ஏஜென்சியில் பேசினேன். 24 மணி நேரமும் கூடவே இருக்கும் பயிற்சி பெற்ற நர்ஸுக்கு மாதம் 26,000. பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 600. படுக்கைப் புண் வராமல் இருக்க மோட்டாரில் காற்றடைக்கும் ஏர் பெட்டுக்கு வாடகை 2,500. டெபாசிட் 15,000. போதாததற்குக் கடற்கரைப் பக்கம் தூரம் என்று பயணச் செலவு வேறு. போனில் பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க சார், எல்லாம் எங்க பொறுப்பு" என்றார். நம்பிப் பணம் அனுப்பினேன்.

வந்தது முதுகுளத்தூர் பக்கத்துப் பெண். நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். ஆனால் நர்ஸ் இல்லை. ஒரு கிளினிக்கில் இரண்டு மாதம் துப்புரவு வேலை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். சிறுநீர்ப் பையைக் கட்டிலுக்கு மேலே, ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருந்தாள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் அந்த மாதம் வந்தது 5 நாள். பில்லில் 12 நாள். அம்மா காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததால்தான் பிடிபட்டது. ஏஜென்சியில் கேட்டால், அது ராமநாதபுரத்து கிளினிக்குடன் அவர்கள் போட்டிருக்கும் ஏற்பாடு, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், மதுரையிலிருந்து ஒரு தடவைக்கு 300தான் வருகிறது, பெட்ரோலுக்கே போய்விடுகிறது என்றார்கள்.

ஏர் பெட்டின் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது வாரம் அதன் மோட்டார் நின்றுவிட்டது. ஏஜென்சிக்குச் சொன்னோம். பெட் கொடுத்த கடை வேறு, அவர்களைக் கூப்பிடுங்கள் என்றார்கள். கடைக்காரர், மதுரைக்காரர்கள் பழைய பாக்கியே தரவில்லை, ஆள் அனுப்ப மாட்டேன் என்றார். மறுபடியும் ஏஜென்சி: "உப்புக்காத்துல மோட்டார் போகும் சார், அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" இப்படியே ஆறு நாள். நான் ஊருக்கு வந்து படுக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். காற்றே இல்லை, கீழே கட்டில் பலகை தட்டியது. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. அப்பாவுக்குப் பேச்சு வராது. வலித்தது என்று எப்படிச் சொல்லியிருப்பார்?

அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண் என்னிடம், "அண்ணே, நீங்க மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஏஜென்சிக்காரர்கள் பரமக்குடியில் ஒரு புரோக்கரிடம் 17,000க்குப் பேசி, அவர் இவளுக்கு 11,000 என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுவும் முதல் மாதம் கைக்கு வரவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

தங்கச்சி மெல்போர்னில் பார்ப்பதும் இதே முதியோர் வேலைதான். அங்கேயும் கம்பெனிகள் வெளியாள்களிடம் வேலையை மாற்றிக் கொடுக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுக்கும் வீட்டுப் பராமரிப்பில், அப்படிக் கொடுத்ததற்கென்று தனிக் கட்டணம் போட 2023 ஜனவரியிலிருந்து தடை. 2025 நவம்பரில் வந்த அந்த அரசின் புதிய திட்டத்தில், மணிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலைக்குள்ளேயே அலுவலகச் செலவு, பயணச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். யார் வந்து வேலை செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது பணம் வாங்கிய கம்பெனிதான். மாதா மாதம் கணக்கும் கொடுத்தாக வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. டெபாசிட் எப்போது திரும்பி வரும் என்பதுகூட இல்லை.

அதனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள்: வருகிற ஆளுக்குச் சம்பளம் போடுவது யார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது? நர்ஸ் என்றால் செவிலியர் குழுமப் பதிவு எண் என்ன? படுக்கையோ மோட்டாரோ நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுவீர்கள்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அதெல்லாம் எங்கள் உள்விவகாரம் என்றால் அந்த இடமே வேண்டாம். சிகிச்சைக்கு வருகிறவரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்க ஒரு நோட்டு வையுங்கள்.

இன்னொன்று, எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்ன பிறகு நர்ஸ் வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார், ஒரு பைசா வாங்கவில்லை. முதியோருக்கான உதவி எண் 14567. ஏஜென்சி மதுரையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அம்மாவின் காலண்டரோடு நானும் ராமநாதபுரத்தில் கொடுத்திருக்கிறேன்.

முதுகுளத்தூர்ப் பெண்ணை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசினேன். இப்போது மாதம் 18,000 அவள் கணக்குக்கே போகிறது. அரசு நர்ஸிடம் புரட்டிப் படுக்க வைக்கவும் பையை மாட்டவும் கற்றுக்கொண்டாள். புண் ஓரங்களில் கூடி வருகிறது, நடுவில் இன்னும் திறந்துதான் இருக்கிறது. டெபாசிட் 15,000 வரவில்லை.