பொடியில என்ன இருக்கு, அண்ணாச்சி?

நெல்லை டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே நான் கேட்டது ஒரு துண்டுச் சீட்டுதான். "இந்தப் பொடியில என்னென்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எழுதித் தாங்க அண்ணாச்சி." அதற்கே முற்பகல் முழுக்கப் போய்விட்டது.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. ஊருக்கு வந்தால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற விசாரணை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மெல்போர்னில் சோதித்தபோது விந்தணு எண்ணிக்கை குறைவு என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, நான் அதற்கும் கீழே. டாக்டர் ரிப்போர்ட்டை விட என் தொப்பையைத்தான் அதிக நேரம் பார்த்தார். கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுமாம். ஈஸ்ட்ரோஜன் கூடக் கூட, விந்தணு உற்பத்திக்கு மூளை அனுப்பும் உத்தரவும் குறைந்துவிடும். போதாததற்குத் தொடையிடுக்கில் சூடு வேறு. எடையைக் குறைத்துவிட்டு வா என்றார். பெரியம்மாவோ, "அங்க கிடந்து எதுக்குக் கஷ்டப்படுதே? ஊர் மருந்து இருக்குல்லா" என்று கடைக்கு அனுப்பிவிட்டாள்.

கடையின் வாசனை மட்டும் மாறவில்லை. சின்ன வயதில் ஆச்சிக்கு மருந்து வாங்கப் போனால் சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேப்பரில் மடித்து நூல் சுற்றி, மேலே பென்சிலால் பெயர் எழுதித் தருவார்கள். இடிப்பதும் சலிப்பதும் வீட்டு வேலை. என்ன சாப்பிடுகிறோம் என்று அடுப்படிக்கே தெரியும். இப்போது கண்ணாடி அலமாரி முழுக்கப் பளபளவென்று டப்பாக்கள். எனக்குக் கொடுத்ததில் சிங்கப் படம். "எடை குறையும், எண்ணிக்கை கூடும்." திருப்பிப் பார்த்தால் "அரிய மூலிகைகள்" என்று ஒரே வரி. லைசென்ஸ் எண் கிடையாது, தயாரித்த தேதி கிடையாது.

"அமுக்கரா, அதான் அஸ்வகந்தா, இருக்கா?"

"இருக்கு."

"பூனைக்காலி? நெருஞ்சில்?"

"எல்லாம் இருக்கு தம்பி."

"எவ்வளவு இருக்கு?"

"அது கைப்பக்குவம்லா! கவுண்ட்டு குறைவுதானே? ஒரு மண்டலம் சாப்பிடுங்க, தெரியும்."

'கவுண்ட்டு' என்றது தெருமுனை வரை கேட்டிருக்கும். பக்கத்தில் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்த அம்மா நாகரிகமாகத் தள்ளி நின்றார். மண்டலம் என்றால் 48 நாள். ஒரு விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் ஆகும். அண்ணாச்சியின் கணக்கு விந்தணுவுக்குத் தெரியாது போல.

மூலிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. அமுக்கராக் கிழங்குச் சாற்றை விந்தணு குறைந்த 46 ஆண்களை வைத்து 90 நாள் சோதித்த ஒரு சின்ன ஆய்வு 2013இல் வந்தது. சாறு சாப்பிட்டவர்களுக்கு எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் 46 பேர் என்பது கைவிரல் கணக்கு. அது தொப்பைக்கான மருந்தும் இல்லை. பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிறார்களே, அதே சரக்கு. அதைப் போய் 'கைப்பக்குவம்' என்று எப்படி விழுங்குவது? மெல்போர்ன் கடையில் சாதாரண மூலிகை மாத்திரை வாங்கினால்கூட கிழங்கா இலையா, எத்தனை மில்லிகிராம் என்று போட்டு, அரசுப் பதிவு எண்ணும் இருக்கும். விமான நிலையத்தில் பொடியைக் காட்டும்போது 'அரிய மூலிகைகள்' என்று சொன்னால் நேரே குப்பைத் தொட்டிதான்.

இத்தனைக்கும் நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. இன்னின்ன நோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954லேயே ஒரு சட்டம் போட்டு, பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். உடல் பருமனும் ஆண்மைக் குறைவும் அதில் உண்டு. சட்டத்துக்கும் சிங்கப் படத்துக்கும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

டப்பா வேண்டாம், பில்லிலாவது எழுதுங்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, நிதானமாக எழுதிக் கிழித்துக் கொடுத்தார்: "மூலிகைப் பொடி – 1."

அப்புறம் அரசு சித்த மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன், பெஞ்சு எல்லாம் பழைய கதை, விடுங்கள். ஒரு இளம் டாக்டரம்மா இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். தைராய்டு மாத்திரை போடுகிறேனா என்று கேட்டார். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக் கூடுமாம். ரத்தப் பரிசோதனை வரட்டும், அது வரை மருந்து வேண்டாம், நடங்கள், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள் என்றார். பூமியின் இரண்டு முனையிலும் ஒரே வைத்தியம்.

பெரியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "நடக்கச் சொல்லுததுக்கு எதுக்கு டாக்டர்?" என்கிறாள். காலையில் வ.உ.சி. மைதானம் வரை நடந்து வியர்த்துக் கொட்டி வந்தால், இலையில் ஆறு இட்லி. "நடந்துட்டு வந்திருக்கே, இன்னும் ரெண்டு வைக்கட்டா?"