போலிஷில் 'கோ': இஷ்ச்சா, யெஹாச்சா?

ஆங்கிலத்தின் 'கோ' என்ற ஒற்றை வினையைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனால் முதலில் எழும் கேள்வி: நடந்தா, வண்டியிலா?

நடந்தால் 'இஷ்ச்'. பஸ், ரயில், கார், சைக்கிள், ஏன் குதிரையே என்றாலும் 'யெஹாச்'. லிஃப்டில் ஏறுவதும் யெஹாச்தான். வார்சாவிலிருந்து கிராகோவுக்குப் போகிறவர் 'யாதெ' (வண்டியில் போகிறேன்) என்பார். 'இதெ' என்றால் சுமார் 300 கி.மீ. நடக்கப்போகிறீர்களா என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். செஸ்டோஹோவா ஊரின் மாதா கோயிலுக்கு என்றால் கதையே வேறு. வார்சாவிலிருந்து அங்கே 1711 முதல் பாதயாத்திரை உண்டு, அந்த பக்தர் 'இதெ' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டில் யெஹாச் நேர்மையான சொல். சக்கரம் கண்ணுக்குத் தெரியும். படுத்துவது இஷ்ச்தான். உள்ளூர் சினிமாவுக்கு டிராமில் போனாலும் இஷ்ச் வரும், ஏனென்றால் அங்கே பேச்சு படத்தைப் பற்றி, பயணத்தைப் பற்றி அல்ல. பல்கலைக்கழகத்தில் சேர்வதும் ராணுவத்தில் சேர்வதும் இஷ்ச். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், 'ஏதோ ஓடுது' என்ற தொனியில் 'யாகோஷ் இஜெ' என்பார்கள். அதுவும் இதே வினை.

விமானத்துக்கும் கப்பலுக்கும் தனித்தனிச் சொற்கள், அவற்றில் குழப்பமில்லை. தினமும் போய்வருவதைச் சொல்லும்போதுதான் இரண்டுமே கைவிடும்: இஷ்ச்சின் இடத்துக்கு 'ஹோஜிச்', யெஹாச்சின் இடத்துக்கு 'யெஸ்ஜிச்' வந்து உட்காரும். பள்ளியில் படிக்கும் பிள்ளை பஸ்ஸில் போனாலும் 'ஹோஜிச்' என்றே எழுதுங்கள்.